கிச்சன் சிம்னி: டிரில் எடுக்கும் முன் எர்த் பாருங்கள்

கம்ப்யூட்டர் கேபினெட்டின் பின்பக்க ஸ்குரூவைத் தொட்டால் விரலில் சுரீர் என்கிறது என்று பல வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். இது வைரஸ் வேலையாக இருக்குமோ என்று ஒருவர் சந்தேகப்பட்டதும் உண்டு! காரணம் எளிமையானது. கேபினெட்டின் உள்ளே இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். பவர் சப்ளையில் பேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் இரும்பு உடம்புக்குச் சின்னச் சின்ன பில்டர் கெபாசிட்டர்கள் போகின்றன. வீட்டு பிளக்கில் எர்த் சரியாக இருந்தால் அவற்றின் வழியே கசியும் மிகச் சிறிய கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினெட் ஏறக்குறைய பாதி வோல்டேஜில், அதாவது 115 வோல்ட் அளவில் மிதந்து கொண்டிருக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுரீர் என்பதோடு நின்றுவிடுகிறது.

இதே எர்த் இல்லாத வீட்டின் சமையலறையில் ஒரு எலெக்ட்ரிக் சிம்னியை மாட்டினால் என்ன ஆகும்? கேபினெட்டை நாம் உலர்ந்த விரலால் எப்போதாவது தொடுகிறோம். சிம்னியோ முகத்துக்கு நேரே தொங்கும் பெரிய ஸ்டீல் பெட்டி. அரிசி களைந்த ஈரக்கையோடு ஒரு நாளைக்குப் பத்து முறை தொடுவோம். அதன் வயிற்றில் மோட்டார் இருக்கிறது. மோட்டாரைச் சுற்றி எண்ணெய்ப் புகையும் நீராவியும் தினமும் போய்க்கொண்டிருக்கின்றன. ஒயரின் இன்ஸுலேஷன் கெடுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் வீட்டில் கிடையாது. இங்கே கசிவு ஏற்பட்டால் சுரீர் என்பதோடு நிற்கும் என்று சொல்ல முடியாது.

கடந்த சில ஆண்டுகளில் நண்பர்கள், உறவினர்கள் வீடுகளில் சிம்னி மாட்டும்போது நானும் கூட இருந்து பார்த்திருக்கிறேன். கவனித்த முதல் விஷயம் இதுதான். "கம்பெனி ஆள் வந்து எல்லாம் பார்த்துக்கொள்வார்" என்று வாங்குபவர் நினைக்கிறார். வருபவரோ டிரில், ஸ்குரூ, ஒரு சுருள் அலுமினிய டக்ட் ஆகியவற்றோடு வருகிறார். சிம்னியைச் சுவரில் தொங்கவிட்டு, அருகில் எந்த பிளக் பாயிண்ட் கிடைக்கிறதோ அதில் செருகி, ஓடுகிறதா என்று பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. மாட்டுவதுதான் அவர் வேலை. பிளக் பாயிண்ட், எர்த், மெயின் போர்டில் இருக்க வேண்டிய பாதுகாப்பு, புகை வெளியேறும் துளை இவை நான்கும் வீட்டுக்காரர் பொறுப்பு. அவர் வருவதற்கு ஒரு வாரம் முன்பே இவற்றைத் தயார் செய்துவிட வேண்டும்.

எவ்வளவு கரண்ட் இழுக்கும்?

பயப்படும் அளவுக்கு இல்லை. வீட்டு சிம்னிகளில் மோட்டார் பெரும்பாலும் 150 முதல் 250 வாட்ஸ் வரைதான். 230 வோல்ட்டில் 230 வாட்ஸ் என்றால் சரியாக 1 ஆம்பியர். எல்.இ.டி. விளக்குகள் சில வாட்ஸ். ஆட்டோ கிளீன் வகையில் எண்ணெயை உருக்கும் ஹீட்டர் ஒன்று இருக்கும். அதற்கும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் பெரிய தொகை வராது. மிக்ஸியே இதைவிட அதிகம் இழுக்கிறது. எனவே பெரும்பாலான மாடல்களுக்கு 6 ஆம்பியர் மூன்று பின் பிளக் பாயிண்ட் தாராளமாகப் போதும். சில கம்பெனிகள் 16 ஆம்பியர் தடித்த பிளக்கோடு அனுப்புகின்றன. உங்களுடையது எது என்று வாங்கும்போதே பெட்டியைத் திறந்து பார்த்துவிடுங்கள். தடித்த பிளக்கைச் சிறிய சாக்கெட்டில் நுழைக்க கன்வெர்ட்டர் வாங்கும் பழக்கம் அடுப்பங்கரையில் வேண்டாம்.

புது லைன் இழுப்பதாக இருந்தால் 6 ஆம்பியர் பாயிண்ட்டுக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், 16 ஆம்பியர் பாயிண்ட்டுக்கு 2.5 சதுர மி.மீ. ஐ.எஸ். 694 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஒயரின் மேலேயே அச்சாகி இருக்கும். சமையலறை என்பதால் எளிதில் தீப்பற்றாத எப்.ஆர். வகையைக் கேட்டு வாங்கலாம். விலை வித்தியாசம் அதிகம் இல்லை. பேஸ், நியூட்ரலோடு பச்சை ஒயரும் சேர்த்து மூன்றாக இழுக்கச் சொல்லுங்கள். "எர்த்தை அந்த போர்டிலிருந்து அப்புறம் எடுத்துக்கலாம் சார்" என்று ஒயர்மேன் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அந்த அப்புறம் பெரும்பாலும் வருவதே இல்லை.

சிம்னிக்குக் கரண்ட் குறைவு என்பதால், இன்டக்‌ஷன் அடுப்பும் மைக்ரோவேவும் ஓடும் அதே போர்டில் ஒரு மல்டி பிளக் வைத்துச் செருகிவிடலாம் என்று தோன்றும். இன்டக்‌ஷன் 2000 வாட்ஸ் வரை போகும். மைக்ரோவேவ் 1200-ஐத் தாண்டும். சூடாகி உருகப்போவது அந்த மல்டி பிளக்தான். கம்ப்யூட்டர் டேபிளில் மிச்சமான ஸ்பைக் பஸ்டரைக் கொண்டுவந்து சிம்னியின் மேலே வைத்திருந்த ஒரு வீட்டையும் பார்த்தேன். அதன் துளைகளில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டி, அதன் மேல் தூசி படிந்து, கறுப்புத் தார் போல இருந்தது. ஸ்பைக் பஸ்டர் சமையலறைக்காகச் செய்த பொருள் அல்ல.

பிளக் எங்கே, சுவிட்ச் எங்கே?

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. சிம்னியின் கார்டு ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர்தான் இருக்கும். எனவே சாக்கெட் சிம்னிக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஏழு அடி உயரத்தில், ஒரு பக்கமாகத் தள்ளி இருக்க வேண்டும். அடுப்புக்கு நேர் மேலேயும் கூடாது. டக்ட் போகும் பாதையிலும் கூடாது. டக்டை மூடும் ஸ்டீல் கவரின் உள்ளே சாக்கெட் ஒளிந்திருந்தால் பார்க்க அழகுதான். ஆனால் பிளக்கை உருவ வேண்டிய நாளில் கவரைக் கழற்ற ஸ்குரூ டிரைவர் தேட வேண்டி வரும்.

சாக்கெட் மேலே இருந்தாலும் அதன் சுவிட்சைக் கீழே, கை எட்டும் உயரத்தில், அடுப்பு மேடையின் ஓரத்தில் வைத்துவிடுங்கள். வாணலியில் எண்ணெய் தீப்பிடித்தால் முதலில் செய்ய வேண்டியது அடுப்பையும் சிம்னியையும் நிறுத்துவதுதான். ஓடும் சிம்னி தீயை பில்டருக்கும் டக்டுக்கும் உறிஞ்சிக்கொள்ளும். அப்போது எரியும் வாணலிக்கு மேலே கையை நீட்டி டச் பட்டனைத் தேட முடியாது. ஓரத்தில் இருக்கும் சுவிட்ச் அந்த நேரத்தில்தான் தன் விலையைச் சொல்லும்.

இன்னொன்று. சில இடங்களில் சிம்னியோடு வந்த மோல்டட் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, ஒயர்களை நேரடியாக பால்ஸ் சீலிங்குக்கு மேலே முறுக்கி டேப் சுற்றிவிடுகிறார்கள். வாரண்டி கேள்விக்குறியாவது ஒருபுறம் இருக்கட்டும். அடுத்து வரும் விஷயம் அதைவிடப் பெரியது.

நீல ஒயர் குழப்பம்

நம் வீட்டுச் சுவருக்குள் ஓடும் ஒயர்களில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ். கறுப்பு நியூட்ரல். பச்சை எர்த். மூன்று பேஸ் சப்ளை உள்ள வீடுகளில் இந்த வண்ணங்களை ஒயர்மேன்கள் தூக்கத்திலும் சொல்வார்கள். ஆனால் சிம்னியிலிருந்து வரும் கார்டில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு போட்டது எர்த். அதாவது சுவரில் நீலம் பேஸ், கார்டில் நீலம் நியூட்ரல்!

பிளக் இருக்கும்வரை இந்த வித்தியாசத்தால் ஒன்றும் நேராது. பிளக்கை வெட்டி நேரடியாக இணைக்கும் அன்றுதான் ஆபத்து. நீலத்தை நீலத்தோடு, மீதியைக் கறுப்போடு சேர்த்துவிட்டால் பேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிடும். சிம்னி நன்றாகவே ஓடும். யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் சிம்னியின் சொந்த பட்டனை அணைத்தால் நியூட்ரல்தான் துண்டிக்கப்படும். மோட்டாரிலும் விளக்கிலும் பேஸ் அப்படியே நிற்கும். "ஆப் செய்துவிட்டேனே" என்ற நம்பிக்கையில் பில்டரைக் கழற்றி ஈரத்துணியால் உள்ளே துடைப்பவர் என்ன ஆவார்? இன்னும் மோசமாக, பழுப்பைச் சிவப்போடும் நீலத்தை நீலத்தோடும் சேர்த்துவிட்டால் இரண்டு பேஸுகளுக்கு நடுவே சிம்னி மாட்டிக்கொள்ளும். 230-ஐ 1.732-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறைய 400 வோல்ட். போர்டு புகையோடு போய்விடும்.

எனவே பிளக்கை வெட்ட விடாதீர்கள். சாக்கெட்டை நேராக நின்று பார்க்கும்போது பெரிய எர்த் துளை மேலே இருந்தால், வலது பக்கத் துளை பேஸ், இடது பக்கம் நியூட்ரல். டெஸ்டர் வலது துளையில் மட்டும் எரிய வேண்டும். இடது துளையில் எரிந்தால் மாறி இருக்கிறது என்று பொருள். இரண்டிலும் எரிந்தால் நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது.

எர்த் இருக்கிறதா, இருப்பது போல் இருக்கிறதா?

மூன்று துளை சாக்கெட் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. பழைய வீடுகளில் மூன்றாவது துளையின் பின்னால் ஒயரே இல்லாமல் இருப்பதைப் பார்க்கலாம். கம்ப்யூட்டருக்காக மல்டிமீட்டர் வாங்கி வைத்திருப்பவர்களுக்கு இது சுலபமான சோதனை. மீட்டரை ஏ.சி. வோல்டேஜில், 230-க்கு மேலான ரேஞ்சில் வையுங்கள். கையில் ஈரம் கூடாது. காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும். பின்களின் உலோகத்தில் விரல் படக்கூடாது. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 சுற்றுவட்டாரம் காட்ட வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே கிட்டத்தட்ட அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட், அதிகம் போனால் ஐந்து வரை.

பேஸ் - எர்த் இடையே 60, 90 என்று அலைபாய்ந்தால் எர்த் ஒயர் காற்றில் தொங்குகிறது. வீட்டில் நல்ல லோடு ஓடும்போதும் நியூட்ரல் - எர்த் இடையே சுத்தமான பூஜ்யம் காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். யாரோ சாக்கெட்டுக்குப் பின்னால் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயர் எடுத்து எர்த் முனையில் கொடுத்திருக்கலாம். இந்தக் குறுக்கு வழி இன்னமும் நடக்கிறது. அந்த லைனில் நியூட்ரல் ஒருநாள் அறுந்தால், மோட்டார் வழியாகத் திரும்பி வரும் முழு 230 வோல்ட்டும் அந்தத் துண்டு ஒயர் மூலம் சிம்னியின் உடம்புக்கு வந்துவிடும். எர்த் இல்லாத சாக்கெட்டைவிட இது ஆபத்து. சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மெயினை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள்.

மல்டிமீட்டர் சொல்லாத ஒன்றும் உண்டு. எர்த் ஒயர் இருக்கிறது என்றுதான் அது சொல்லும்; கரண்ட்டைத் தாங்கும் அளவுக்கு அது நல்ல எர்த்தா என்று சொல்லாது. அதை எர்த் டெஸ்டர் என்ற தனிக் கருவியால் ஒயர்மேன் அளக்க வேண்டும். தமிழக அரசின் மின் உரிம வாரியம் வழங்கும் சான்று உள்ள ஒயர்மேனாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டித் தருகிறேன் என்று சொல்பவர் வேண்டாம். இப்போது குழாய்கள் எல்லாம் பிளாஸ்டிக். கேஸ் குழாயில் கட்டுவதைப் பற்றிப் பேச்சே கூடாது.

எம்.சி.பி. உங்களைக் காப்பாற்றாது

"எங்கள் வீட்டில் எம்.சி.பி. இருக்கிறது, பயமில்லை" என்று சொல்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. நம் ஊரில் தனி வீடுகளில் பெரும்பாலும் வீட்டுக்கென்று தோண்டிய எர்த் குழிதான் எல்லாம். அதன் மொத்தத் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றாத வீட்டில் இது ஆச்சரியமான எண் அல்ல. சிம்னிக்குள் பேஸ் ஒயர் உரசி உடம்பைத் தொட்டுவிட்டது. எர்த் வழியாகப் போகும் கரண்ட் 230 வகுத்தல் 20, அதாவது 11.5 ஆம்பியர். உங்கள் எம்.சி.பி. 16 ஆம்பியர். அது அசையாது! அதன் கணக்கில் ஏதோ ஒரு ஹீட்டர் ஓடுகிறது. சிம்னியின் உடம்போ முழு வோல்டேஜில் அப்படியே நிற்கும். பளபளவென்று, எந்த அறிகுறியும் இல்லாமல்.

எம்.சி.பி. என்பது ஒயரைக் காப்பதற்கு. மனிதரைக் காப்பதற்கு ஆர்.சி.சி.பி. வேண்டும். பழைய ஒயர்மேன்கள் இதையும் ஈ.எல்.சி.பி. என்றே சொல்வார்கள், கடையில் எந்தப் பெயரைச் சொன்னாலும் புரியும். பேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று இது இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் சப்ளையைத் துண்டித்துவிடும். 16 ஆம்பியர் என்பது 16,000 மில்லி ஆம்பியர்; 30-ஐப் போல ஐந்நூறு மடங்குக்கு மேல். ஈரக்கையோடு நிற்பவரின் உயிர் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிறது. வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர்தானா என்று பார்த்து வாங்குங்கள். 100, 300 என்றும் விற்கிறார்கள். அவை மனிதருக்கானவை அல்ல.

ஆர்.சி.சி.பி. இருந்தால் எர்த் வேண்டாமா என்ற கேள்வி வரும். வேண்டும். எர்த் இருந்தால் கசிவு தொடங்கிய உடனே கரண்ட் மண்ணுக்குப் பாய்ந்து, யாரும் தொடுவதற்கு முன்பே ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் ஒருவர் தொட்ட பிறகுதான் கசிவு அதற்குத் தெரிய வரும். அந்த ஒருவர் நம் வீட்டுக்காரராக இருப்பார்.

ஆர்.சி.சி.பி.யின் முகப்பில் 'டி' என்று ஒரு சிறிய பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். படக்கென்று விழ வேண்டும். விழவில்லையென்றால் மாற்றிவிடுங்கள். அழுத்துவதற்கு முன் கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்ய மறக்காதீர்கள்!

சுவரில் துளை போடும்போது

சிம்னி பதினைந்து, இருபது கிலோ எடை இருக்கும். செங்கல் சுவர் என்றால் கம்பெனி தரும் ராவல் பிளக் போதும். எடை குறைந்த பொள்ளல் கற்களால் கட்டிய சுவராக இருந்தால் முன்கூட்டியே சொல்லி அதற்கேற்ற ஆங்கர் கொண்டுவரச் சொல்லுங்கள். கன்சீல்டு பைப்புகள் வழக்கமாக ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் செல்லும். அந்தக் கோட்டில் டிரில் இறங்கக் கூடாது. வீடு கட்டும்போது பூசுவதற்கு முன் எடுத்த போட்டோ இருந்தால் அன்று அது பொக்கிஷம். அடுப்பின் மேல்பரப்பிலிருந்து சிம்னியின் அடிப்பகுதி வரை பொதுவாக 65 முதல் 75 செ.மீ. இடைவெளி. உங்கள் மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். "மேடத்துக்கு எட்டவில்லை" என்று இன்னும் கீழே இறக்கினால் பில்டரில் சொட்டும் எண்ணெய் தீக்கு அருகில் வந்துவிடும்.

டக்ட் விஷயத்தில் ஒரே விதி: நேராக, குட்டையாக, குறுக்காமல். சிம்னியின் வாய் ஆறு அங்குலம் என்றால் சுவர்த் துளையும் ஆறு அங்குலம். பழைய நான்கு அங்குலத் துளை இருக்கிறதே என்று அதில் நுழைத்தால், 1200 கன மீட்டர் என்று பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை மறந்துவிடுங்கள். பரப்பளவு பாதிக்கும் கீழே போய்விடும். ஒவ்வொரு வளைவும் இழுவையைக் குறைக்கும். வளைவில் எண்ணெய் தேங்கும். தேங்கிய எண்ணெய் தீக்கு உணவு.

டக்ட் எங்கே போய்த் திறக்கிறது என்பதையும் பாருங்கள். அடுக்குமாடிகளில் உள்ள ஷாப்டுக்குள் திருப்பிவிடுவது வழக்கம். அதே ஷாப்டில் கேஸ் கீசரின் புகைக்குழாய் இருந்தால் கட்டாயம் கூடாது. வீட்டுக்குள் கேஸ் கீசர் இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. சிம்னி ஓடும்போது வீட்டுக் காற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஜன்னல்கள் எல்லாம் மூடி இருந்தால், தள்ளிய காற்றுக்கு ஈடாக கீசரின் புகையையே உள்ளே இழுத்துவிடும். அதில் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கும். சமையலறை ஹூட்களுக்கான ஐ.ஈ.சி. 60335-2-31 என்ற சர்வதேசத் தரநிர்ணயம், இப்படிப்பட்ட கருவிகள் சேர்ந்து ஓடும்போது அறையின் அழுத்தக் குறைவு 4 பாஸ்கலுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. 4 பாஸ்கலை அளக்க நம்மிடம் மீட்டர் இல்லை. சிம்னி ஓடும்போது சமையலறை ஜன்னல் ஒரு சாண் திறந்திருக்கட்டும். அப்போதுதான் இழுவையும் நன்றாக இருக்கும். இழுக்கக் காற்று வேண்டாமா?

கேஸ் வாசனை வந்தால் சிம்னியைப் போடலாமா?

இது என்னிடம் பலரும் கேட்ட கேள்வி. கேட்பவர்கள் எல்லோரும் "போடலாம்" என்ற பதிலை எதிர்பார்த்தே கேட்கிறார்கள். போடவே கூடாது. சுவிட்சில் எழும் சின்னப் பொறி போதும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது; தரையோடு தவழும். மேலே தொங்கும் சிம்னி அதை முழுவதும் இழுத்துவிடாது. பொறியை மட்டும் கொடுக்கும். ஓடிக்கொண்டிருந்தால் அணைக்கவும் வேண்டாம். எந்த சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கான அவசர எண் இது.

மாட்டிய பிறகு

கம்பெனி ஆள் கிளம்பும் முன் சிம்னியை எல்லா வேகத்திலும் ஓடவிட்டு, டெஸ்டரை ஸ்டீல் உடம்பில், பெயின்ட் இல்லாத ஸ்குரூ மேல் வையுங்கள். மங்கலாகக்கூட எரியக் கூடாது. ஒரு டிஷ்யூ பேப்பரைப் பில்டர் அருகே பிடித்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும். அணைத்ததும் டக்டின் வாயில் உள்ள மடல் மூடிக்கொள்ளும் சத்தம் கேட்க வேண்டும்; இல்லாவிட்டால் மழைக்காற்றும் பூச்சிகளும் உள்ளே வரும்.

சிம்னியைச் செருகியவுடன் ஆர்.சி.சி.பி. விழுகிறது என்றால் பலர் செய்வது ஆர்.சி.சி.பி.யை எடுத்துவிடுவது. ஆன்டி வைரஸ் எச்சரிக்கிறது என்பதற்காக ஆன்டி வைரஸையே நீக்குவது போல இது. முதலில் அதே சாக்கெட்டில் ஒரு டேபிள் லேம்ப்பைச் செருகிப் பாருங்கள். அதற்கும் விழுந்தால் சிம்னி குற்றவாளி இல்லை. அந்தப் பாயிண்ட்டுக்கு பேஸ் ஒரு சர்க்யூட்டிலிருந்தும் நியூட்ரல் வேறொரு சர்க்யூட்டிலிருந்தும் வந்திருக்கும், அல்லது நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறது. லேம்ப்புக்கு விழாமல் சிம்னிக்கு மட்டும் விழுந்தால் சிம்னிக்குள் கசிவு இருக்கிறது. உடனே கழற்றி வைத்துவிட்டு சர்வீஸுக்குச் சொல்லுங்கள். நீங்களே திறக்க வேண்டாம். மோட்டாரின் கெபாசிட்டர், பிளக்கை உருவிய பிறகும் சிறிது நேரம் சார்ஜோடு இருக்கலாம்.

பில்டர் கழுவும் நாளில் பட்டனை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கை உருவிவிடுங்கள். கழுவிய பில்டர் நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். ஆட்டோ கிளீன் ஓடும்போது அடுப்பு எரியக் கூடாது.

கடைசியாக இன்வெர்ட்டர். சிம்னியை இன்வெர்ட்டர் லைனில் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் தரலாம். 200 வாட்ஸ் அதற்குப் பெரிய சுமை இல்லை. ஸ்கொயர் வேவ் என்றால் மோட்டார் உறுமும், சூடாகும், டச் போர்டு கோளாறு செய்யும்; வேண்டாம். எப்படியானாலும் இன்வெர்ட்டர் லைன் இழுக்கும் ஒயர்மேன்கள் பேஸை மட்டும் தனியாக எடுத்து, நியூட்ரலைப் பழைய கட்டிலேயே விட்டுவிடுவது உண்டு. மேலே சொன்ன ஆர்.சி.சி.பி. தகராறுகளில் பல இங்கிருந்துதான் தொடங்குகின்றன. இன்வெர்ட்டருக்குத் தனி நியூட்ரல் கேளுங்கள். பச்சை ஒயர் மட்டும் எப்போதும் வீட்டின் எர்த்திலிருந்தே, இடையில் எந்த சுவிட்சும் இல்லாமல் வர வேண்டும்.